ஏழு வருஷம் வாயை மட்டும் அசைத்தேன்

எனக்குப் பதினைந்து வயதானபோது எங்கள் கிறிஸ்தவ ஆலயத்துப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த மூன்றாவது வாரமே என் வாயை அடைத்தும் விட்டார்கள். அடைத்தவர், குழுவை நடத்திவந்த டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துவார், ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பார். அன்று ஒத்திகை முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்துப் போய், என் தாவணியைச் சரிசெய்துவிட்டு, கன்னத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ பாட வேண்டாங்கண்ணு. உன்ற குரலு தனியாத் தெரியுது. வாய மட்டும் அசச்சுட்டு நில்லு சாமி, அது போதும்."

எங்கள் பக்கத்து மரியாதை ஊரறிந்தது. யாராவது திட்டினால் திருப்பித் திட்டலாம். கண்ணு, சாமி என்று சொல்லிக் கழுத்தை அறுத்தால் என்ன செய்வது? "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எண்பதுகளின் நடுவில் அது. ஒரு நாள் இந்த டீச்சரின் காது கேட்கப் பாடியே தீருவேன் என்று அன்றைக்கு மனசுக்குள் சபதம் செய்துகொண்டேன். கோபத்தில் செய்த சபதம்தான். ஆனால் என் கோபம் சீக்கிரம் ஆறுகிற ரகம் இல்லை.

குழுவை விட்டு விலகியிருக்கலாம். விலகினால் தோற்றுப்போனது ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஞாயிறு தவறாமல் இரண்டாவது வரிசையில் நின்று வாயை அசைத்தேன். போகப்போக அதில் கைதேர்ந்துவிட்டேன். எந்த இடத்தில் புருவத்தைத் தூக்க வேண்டும், எந்த இடத்தில் கண்ணை மூட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. ஒருமுறை வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்த பாதிரி ஐயர், "அந்த மஞ்சள் தாவணிப் பிள்ளை எவ்வளவு உருகிப் பாடுது" என்று பாராட்டிவிட்டுப் போனார். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு தின்றேன்.

முறையாகக் கற்றுக்கொள்ள எங்களுக்கு வழியில்லை. பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருந்தாலும் அவரிடம் போக நேரம் இல்லை. ஆகவே கேள்விப்பட்டதையெல்லாம் செய்து பார்த்தேன். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டேன், அப்படியே வெளியே வந்தது. பனங்கல்கண்டும் மிளகும் மென்றேன். குரல் அப்படியேதான் இருந்தது, பல்தான் சொத்தையானது. கழுத்தளவு தண்ணீரில் நின்று விடியற்காலையில் சாதகம் செய்தால் குரல் திறக்கும் என்று ஒருவர் சொன்னார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் நொய்யல்தான். சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் அது ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் ஓடும். அதில் கழுத்தளவு நின்றால் கழுத்துக்குக் கீழே நான் என்ன நிறத்தில் கரையேறுவேன் என்று யோசித்து, அந்த யோசனையைக் கைவிட்டேன்.

வீட்டில் பாடவும் முடியாது. வீரபாண்டியில் லைன் வீடு. வரிசையாக எட்டு வீடுகள், நடுவில் ஒற்றைக்கல் சுவர். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். ஒரு நாள் மெதுவாக வாயைத் திறந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, வயிறு வலிக்குதா?"

அதோடு வீட்டில் பாடுவதும் நின்றது.

பதினேழு வயதில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. முதல் வருஷம் துணி அடுக்கி, பிசிறு வெட்டி, பிறகு ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தார்கள். பனியனின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பது என் வேலை. கையின் நுனியில் தொடங்கி, அக்குள் வழியாக இறங்கி, இடுப்பு வரை ஒரே ஓட்டம். முப்பது மெஷின்கள் ஒரே ஹாலில் ஓடும். பக்கத்தில் இருப்பவளிடம் கத்திச் சொன்னாலும் கேட்காது. கைஜாடையில்தான் பேசுவோம்.

வேலைக்குச் சேர்ந்த பெண்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைச் சபித்தார்கள். எனக்கு ஓவர்லாக்கில் உட்கார்ந்த இரண்டாம் நாளே ஒன்று உறைத்தது. இவ்வளவு பேர் நடுவில் நான் என்ன பாடினாலும் ஒருவருக்கும் கேட்காது. என் வாழ்க்கையில் எனக்கென்று கிடைத்த முதல் தனி அறை அதுதான். அன்று மத்தியானமே பாட ஆரம்பித்தேன்.

பாடினேன் என்பது இப்போது சொல்கிற மரியாதைக்கு. உண்மையில் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அதனால் இன்னும் கத்தினேன். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் உச்சஸ்தாயியில் இருந்தபோது கரண்ட் போனது. முப்பது மெஷினும் ஒரே நொடியில் அடங்க, நடுவில் நான் மட்டும் வாயைத் திறந்தபடி. அடுத்த அரை வரியை நிறுத்த முடியாமல் பாடியே முடித்தேன். ஹால் முழுக்கச் சிரித்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்து, "ஏனுங்க, ஊசி ஏறிருச்சுங்களா?" என்று என் விரலைப் பார்த்தார்.

அப்போது சிரிக்காதவர் ஒருவர்தான். என் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. டீக்கு வெளியே வந்தபோது கேட்டார்.

"ஏட்டி, நீ பாடுதியா, இல்ல யாரையாவது வைதுக்கிட்டு இருக்கியா? கழுத்து நரம்பு கயிறு மாதிரி நிக்கு."

"நரம்பு நிக்குதுங்களா?"

"ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுதான இருக்கேன். சத்தம் கேக்கல. ஆனா நரம்பப் பாத்தா எனக்கே தொண்ட வலிக்கு."

அந்த வாரமே என் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. காதும் வலித்தது. வலி பொறுக்காமல், கீழே கிடந்த கட்டிங் வேஸ்ட்டில் இரண்டு துண்டு பனியன் துணியைச் சுருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு தைத்தேன். தொண்டை தேறியதும், துணி காதில் இருப்பதை மறந்து ஒரு வரி முணுமுணுத்தேன். தூக்கிவாரிப் போட்டது. என் குரல் என் தலைக்குள்ளேயே தெள்ளத்தெளிவாகக் கேட்டது. மெஷின்களெல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. கத்தவே வேண்டியதில்லை. உதட்டை மூடி முனகினாலே போதும்.

தெளிவாகக் கேட்டதில் ஒரு சங்கடமும் இருந்தது. டீச்சர் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்தது. என் குரல் எடுத்த இடத்தில் நிற்காமல் நழுவி நழுவிக் கீழே போனது. அந்த உண்மையை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. டீச்சர் மேல் இருந்த கோபம் அதனால் ஒன்றும் குறையவில்லை. குறை தெரிந்த மனுஷி ஏன் அதைத் திருத்தித் தரவில்லை என்று புதிதாக ஒரு கோபம் சேர்ந்துகொண்டது.

எனக்குச் சுருதிப்பெட்டி என் மேஜைக்குக் கீழேயே இருந்தது. அந்தக் காலத்துத் தையல் மெஷின்களில் மோட்டார் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தினால்தான் ஊசி நகரும். காதில் துணி இருந்தாலும், மோட்டாரின் முனகல் மேஜைப் பலகை வழியாக முழங்கையில் ஏறி எலும்போடு வரும். காலையிலிருந்து மாலை வரை ஒரே குரல், ஒரு மயிரிழை மாறாது. அதோடு என் குரலை ஒட்டி வைத்துப் பழகினேன். ஒட்டாதபோது தலைக்குள் ஒரு நடுக்கம் தெரியும், ஒட்டிவிட்டால் அந்த நடுக்கம் நின்றுபோகும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் சுருதியோடு உட்காருகிற பாக்கியம் எந்தப் பாடகிக்குக் கிடைத்திருக்கும்? அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

மூச்சுக்கு அளவு, பனியன். பக்கம் அடிக்கத் தொடங்கும்போது மூச்சை இழுத்து, ஒரே ஸ்வரத்தைப் பிடித்தபடி தைப்பேன். முதலில் அக்குள் வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். இடுப்பு வரை வர இரண்டு மாதம் ஆனது. பிறகு துணியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் முடிகிற வரை அதே மூச்சு. ஆறு மாதத்தில் ஒரு முழு பனியனை ஒரே மூச்சில் முடித்தேன். சின்ன சைஸ்தான், இருந்தாலும் முடித்தேன். நான் கையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலேயே பக்கத்து அக்காவும் கையைத் தூக்கினார்.

கஷ்டமாக இருந்தது மேலே ஏறுவதுதான். ஓர் இடம் வந்ததும் என் குரல் இரண்டாகப் பிளக்கும். அதற்கு மேல் கீச்சென்று ஒரு சத்தம் மட்டுமே வரும். அங்கே முட்டி மோதியதுதான் முன்பு தொண்டை கட்டிக்கொண்டதற்கும் காரணம். வழி காலடியிலேயே இருந்தது. மிதியை மெல்ல அழுத்தினால் மெஷினின் சத்தம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறும், விட்டால் வழுக்கி இறங்கும். அதன் பின்னாலேயே உதட்டைக் குவித்து 'ஊ' என்று மெல்லிசாக ஏறி இறங்கினேன். மிதியைத் திடுதிப்பென்று அழுத்தினால் நூல் அறுந்துவிடும். குரலும் அப்படித்தான். பிளக்கிற இடம் வரும்போது பலத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். இது புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது, படிய இன்னொரு வருஷம். ஒரு நாள் அந்த இடம் எங்கே போனது என்றே தெரியாமல் கடந்து மேலே போய்விட்டேன். நம்பிக்கை வராமல் திரும்பக் கீழே வந்து மறுபடியும் ஏறிப் பார்த்தேன். அன்று பதினோரு பனியன்களின் தையல் கோணலாகப் போய் பிரித்துத் தைத்தேன்.

சரியாகப் போகிறதா என்று சொல்ல அக்கா இருந்தார். அவருக்குக் கேட்காது, ஆனால் பார்ப்பார். நரம்பு புடைத்தால் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டுவார். நான் தோளைத் தளர்த்துவேன். நரம்பு தெரியாவிட்டால், விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, இல்லை என்பார். ஒரு ஸ்வரம்கூடக் கேட்காமல் எனக்கு மார்க் போட்டது அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகள் பிறந்திருந்தன. மறுபடியும் ஒரு நாள் பாதிப் பாட்டில் கரண்ட் போனது. காதில் துணி இருந்தது, அடுத்த கட்டை அவிழ்ப்பதற்காக முழங்கையையும் மேஜையிலிருந்து எடுத்திருந்தேன், அதனால் எனக்கு உடனே உறைக்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தேன். ஹாலின் கோடியிலிருந்து சூப்பர்வைசர் வேகமாக வந்தார். வேலை நேரத்தில் கம்பெனிக்குள் ரேடியோ கூடாது என்று அப்போது கண்டிப்பு.

"ரேடியோவை யாருங்க கொண்டாந்தது? மொதல்ல ஆஃப் பண்ணுங்க!"

அக்கா என்னைக் கைகாட்டினார். நான் காதிலிருந்த துணியை எடுத்தேன். சூப்பர்வைசர் என் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார், என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்களா?"

ஜெனரேட்டர் போடப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் என்னைப் பாடச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நான் நடந்து வீட்டுக்குப் போகவில்லை, மிதந்து போனேன்.

அந்தத் தைரியத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் போய் நின்றேன். "இப்ப நல்லாப் பாடறேனுங்க டீச்சர். ஒரு தடவ கேளுங்க" என்றேன். அவர் ஆர்மோனியத்தைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்குங்கண்ணு அதெல்லாம்? நல்லாத்தானே போயிட்டிருக்குது."

கேட்கக்கூட இல்லை. அவரைப் பொறுத்தவரை என் குரல் பதினைந்து வயதோடு முடிந்துபோன விவகாரம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உச்சஸ்தாயியில் பாடியிருக்கலாம். பாடவில்லை. பயம். கம்பெனியில் பாடியவள் ஆலயத்துக்குள் வாயைத் திறந்தால் பழைய குரலே வந்துவிடும் என்று பயமாக இருந்தது. மறுபடியும் இரண்டாவது வரிசைக்குப் போய் நின்றேன்.

இரண்டு மாதத்தில் குருத்தோலை ஞாயிறு வந்தது. வருஷா வருஷம் குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆலயம் வரை பாடிக்கொண்டே பவனியாகப் போவோம். கம்பெனித் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தத் தெருவில் பவனிப் பாட்டு உருப்பட்டதே கிடையாது. முன்னால் போகிறவர்கள் இரண்டாவது சரணத்தில் இருப்பார்கள், பின்னால் வருகிறவர்கள் முதலாவதையே முடித்திருக்க மாட்டார்கள். நடுவில் இருப்பவர்கள் இரண்டையும் கலந்து பாடுவார்கள். பாட்டின் கடைசி வரி வேறு மேலே ஏறும். எங்கள் சபையில் அதை யாரும் ஏறியதில்லை. எல்லோரும் கீழேயே நடந்து கடந்துவிடுவோம்.

அந்த வருஷம் இன்னும் மோசம். ஷிப்மெண்ட் அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் எல்லாக் கம்பெனியும் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் தெருவுக்குள் நுழைகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. டீச்சர் கை மைக்கைப் பிடித்துக் கத்தினார். மைக் கரகரத்து அடங்கியது. அவர் மைக்கை இறக்கிவிட்டு வெறும் தொண்டையில் கத்தினார். அவருடைய கழுத்தைப் பார்த்தேன். நரம்பு கயிறு மாதிரி நின்றது. இதற்கு மேல் பத்து அடிகூடத் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாங்கவும் இல்லை. பாட்டு அங்கங்கே அறுந்து, கடைசியில் மொத்தமாக நின்றது. இருநூறு பேர் ஓலையைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நடந்தோம். கம்பெனி மாடிகளில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள்.

இப்போது வாயைத் திறக்காவிட்டால் இனி ஆயுசுக்கும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. ஒரு கையால் ஒரு பக்கக் காதை அடைத்துக்கொண்டேன். ஜெனரேட்டரின் உறுமல் உள்ளங்காலில் ஏறியது. நாலு வருஷம் முழங்கையில் வாங்கிய அதே முனகல், கொஞ்சம் தடியாக. அதோடு சண்டை போடாமல் அதையே சுருதியாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே, அந்த உறுமல் எட்டாத உயரத்தில் பாட்டை வைத்தேன்.

வந்தது. பழைய குரல் இல்லை, என் குரல்தான் வந்தது. கத்தவே இல்லை. முதல் வரியில் பக்கத்து வரிசை திரும்பியது. இரண்டாவது வரியில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரி மேலே ஏறுகிற இடத்தில் எல்லோரும் வழக்கம்போலக் கீழே இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. ஒரு முழு பனியனை முடிக்கிற மூச்சு என்னிடம் இருந்தது. உச்சியில் போய் நின்று, நின்றபடியே இருந்தேன். பவனியின் முகப்பில் சிலுவை பிடித்துப் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். அடுத்த சரணத்தை முன்னால் இருந்தவர்களும் பின்னால் இருந்தவர்களும் ஒன்றாகத் தொடங்கினார்கள். அந்தத் தெருவில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் கம்பெனி வாசலைக் கடந்தபோது அக்கா படியில் நின்றிருந்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றதால் அவருக்கு அன்றைக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. என் கழுத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டை மட்டும் விடவில்லை.

திரும்பி டீச்சரைப் பார்த்தேன். ஓலையை உயர்த்திப் பிடித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு வரிக்கும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆலயத்துக்குப் போகிற வழியில் அப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனாலும் அந்தத் தெரு முடிகிற வரை சந்தோஷப்பட்டேன்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"ஈஸ்டர் அன்னிக்கு முன் வரிசையில வந்து நில்லு கண்ணு. அந்த மேல் வரி... எங்க கத்துக்கிட்ட?"

ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த பதில்கள் எத்தனையோ இருந்தன. அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், அக்கா என்னிடம் சொல்வது போல ஒன்றைத்தான் சொல்ல வந்தது. அந்தத் தொண்டைக்கு அது நியாயமான வைத்தியமும்கூட.

"கம்பெனியிலதானுங்க. ஆனா நீங்க ஒரு வாரத்துக்குப் பாட வேண்டாங்க டீச்சர். தொண்ட புண்ணாயிருக்கும். ஈஸ்டர் அன்னிக்கு வாய மட்டும் அசச்சுட்டு நில்லுங்க, அது போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்தது. பிறகு சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சரிங்க" என்று தலையாட்டினார். அந்த ஈஸ்டருக்கு முன் வரிசையில் நின்று நான் பாடினேன். டீச்சர் ஆர்மோனியம் வாசித்தபடி வாயை மட்டும் அசைத்தார்.